பிரித்துக் கட்டும் படகு

படகு என்றால் நம் மனத்தில் தோன்றுவது ஒரே உடலாய் அமைந்த ஒரு பொருள். மரத்தைக் குடைந்து செய்தாலும், பலகைகளை இணைத்துச் செய்தாலும், செய்து முடித்த பிறகு அது ஒன்றேயாகும். அதைத் துண்டாக்கினால் விறகுதான் மிஞ்சும் என்று நினைக்கிறோம். ஆனால் பிரித்து எடுத்துச் செல்லவும், சென்ற இடத்தில் மீண்டும் பூட்டி நீரில் இறக்கவும் கூடிய படகுகள் உலகில் உண்டு. அவற்றுள் ஒன்று, கண்ணாடி இழையால் ஆன கயாக். ஒருவர் அமர்ந்து இருபுறமும் துடுப்புப் போட்டுச் செலுத்தும் இந்தச் சிறு படகை வீட்டிலேயே செய்துகொள்வது எவ்வாறு, செய்யும்போது எவற்றுக்கு அஞ்ச வேண்டும் என்பன பற்றி இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

பிரிக்கக்கூடிய படகு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கு டோம்பிவிலியைப் போன்ற ஊரே விடை கூறும். மும்பையில் வேலை, டோம்பிவிலியில் வீடு என்று வாழ்கிற குடும்பங்களில் பலவற்றுக்கு ஒரு கூடமும் ஒரு சமையலறையுமே இருப்பிடம். மாடிப்படிகள் திரும்பும் இடத்தில் ஒரு கட்டிலைத் திருப்புவதே பெரும்பாடு. 5 மீட்டர் நீளமுள்ள படகு அந்தப் படியில் ஏறாது. ஏறினாலும் வைக்க இடமில்லை. அதே படகு மூன்று துண்டுகளாகப் பிரியுமானால், ஒவ்வொன்றும் 1.7 மீட்டர் அளவே இருக்கும். அதாவது ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். கட்டிலுக்கடியிலோ, பரண்மேலோ, சுவரோரம் நிறுத்தியோ வைத்துக்கொள்ளலாம்.

பிரித்துக் கட்டும் படகு மேல்நாட்டார் நமக்குக் கற்றுத் தந்த புதுமை என்று எண்ணவேண்டியதில்லை. சோழமண்டலக் கரையில் நம் மீனவர் பன்னெடுங்காலம் கையாண்ட கட்டுமரமே இவ்வகையில் மூத்தது. எடை குறைந்த மரக்கட்டைகள் சிலவற்றை அளவாகச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்ததுதான் கட்டுமரம். கடலுக்குச் சென்று திரும்பியதும் கட்டை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியே மணலில் உலர வைப்பார்கள். நீரை உறிஞ்சிய மரம் கனக்கும். உலர்ந்தால்தான் மறுநாள் மிதக்கும் திறன் மீளும். கரையிலிருந்து தூக்கிச் செல்லவும் ஒவ்வொரு கட்டையாகத் தூக்குவதே எளிது. ஆக, பிரிப்பதும் பூட்டுவதும் அந்தக் கலத்தின் குறையல்ல. அதன் ஆயுளைக் காக்கும் வழி. ஆங்கிலத்திற்குச் சென்ற நம் சொற்களில் இதுவும் ஒன்று. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். கட்டுமரம் என்ற சொல்லை எடுத்துக்கொண்ட மேல்நாட்டார் இன்று அதனால் குறிப்பது இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகை. சொல் கடல் கடந்தது. ‘கட்டு’ என்ற கருத்து கரையிலேயே தங்கிவிட்டது.

சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன் கப்பல்கள் கரைக்கு வர இயலாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பிரயாணிகளையும் சரக்கையும் அலைகளினூடே கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல. தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. ஆணி அடித்த படகு அலை மோதும்போது விறைத்து நின்று உடையும். தைத்த படகு சற்று நெகிழ்ந்து கொடுத்துப் பிழைக்கும். இந்தத் தையல் முறையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு அது வேண்டியிருக்கும்.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். 1905-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கட்டடக் கலை பயின்ற ஆல்ஃபிரட் ஹாய்ரிஷ் என்ற மாணவர், மூங்கில் கழிகளால் சட்டம் அமைத்து அதன்மேல் பாய்த் துணியைப் போர்த்தி, மடித்து எடுத்துச் செல்லத்தக்க கயாக் ஒன்றைச் செய்தார். 1907-இல் ரோஸன்ஹைம் நகரத் தையற்காரர் யோஹான் கிளெப்பர் அந்த உரிமையை வாங்கித் தொழிலாக வளர்த்தார். படகுத் தொழிலில் ஒரு தையற்காரர் புகுந்தது வியப்பாகத் தோன்றலாம். மசூலாப் படகை அறிந்த நமக்கு அது வியப்பன்று. நகரத்து மக்கள் விடுமுறை நாளில் படகைப் பையில் கட்டி ரயிலேறி, மலையடிவார ஆறுகளுக்குச் சென்றார்கள். சொந்த வாகனம் இல்லாதவனும் ஆற்றுக்குச் சொந்தக்காரன் ஆனது அந்தப் பையினால்தான்.

அப்படிப்பட்ட மடக்குப் படகு ஒன்று நம் கரைக்கும் வந்தது. ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானிய மின் பணியாளர் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்து, 1932-இல் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் தம் கயாக்கை இறக்கினார். சைப்ரஸ் தீவின் செப்புச் சுரங்கங்களில் வேலை தேடுவதே அவர் நோக்கம். ஆனால் அங்கே அவர் நிற்கவில்லை. யூப்ரட்டீஸ் ஆற்றின் வழியாகப் பாரசீக வளைகுடாவை அடைந்து, இந்தியாவின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே வந்து, 1935-இல் இலங்கையைத் தொட்டு, பின் சென்னைக் கரை வழியாக வடக்கே கல்கத்தாவை நோக்கிச் சென்றார். பர்மா, மலேயா, ஜாவா தீவுகள் என்று தொடர்ந்து, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸைபாய் தீவில் கரையேறினார். அதற்குள் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. ஏழு ஆண்டுகள், ஏறத்தாழ 50,000 கிலோமீட்டர் துடுப்புப் போட்டு வந்தவரைப் பகை நாட்டவர் என்று காவலில் வைத்தார்கள். போர் முடிந்த பிறகே அவர் விடுதலை பெற்றார். இவ்வளவு தொலைவுக்கு ஒரே படகு தாங்கவில்லை. வழியில் புதிய படகுகளை வரவழைத்துக்கொண்டார். ரப்பர் பூசிய துணிக்கு வெப்ப நாட்டு வெயிலும் உப்பும் பாறையும் பெரும் பகை.

இந்தக் குறையைத் தீர்க்க வந்த பொருள்தான் கண்ணாடி இழை. கண்ணாடியை உருக்கி மெல்லிய நூலாக இழுத்தால், உடையும் இயல்புள்ள அப்பொருளே இழுவைக்கு மிக வலியதாகிறது. அந்த நூலைத் துணியாக நெய்து, ரெசின் என்னும் பிசின் நீர்மத்தில் தோய்த்து உறையவிட்டால், நீர் புகாத, அரிக்காத, செல்லரிக்காத தகடு கிடைக்கும். 1940-களில் படகுத் தொழிலில் புகுந்த இப்பொருள் இன்று நம் கரை முழுவதையும் ஆட்கொண்டுவிட்டது. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் நடத்திய வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் ஏற்றத்தக்க ஃபைபர் படகுகளை ஆராய்ந்து உருவாக்கியது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப் பேரலைக்குப் பின், இழந்த கலங்களுக்கு ஈடாக ஃபைபர் படகுகளே பெருமளவில் வழங்கப்பட்டன. கட்டுமரத்தின் கட்டு அவிழ்ந்துவிட்டது என்றே சொல்லலாம். ஃபைபர் படகு வேகமானது. ஆனால் அதைக் கட்டை கட்டையாகப் பிரித்து உலர்த்த இயலாது. புதிய பொருளில் பழைய கட்டை மீண்டும் புகுத்துவதே நாம் இன்று ஆராயும் செயல்.

வீட்டில் ஒரே ஒரு படகு செய்பவர் அச்சு வார்த்து அதிலிருந்து படகை எடுக்கும் முறையை நாட வேண்டியதில்லை. நூறு படகு செய்பவருக்கே அது கட்டுப்படியாகும். ஒன்று மட்டும் செய்ய எளிய வழி, மெல்லிய ஒட்டுப்பலகையை உருவமாக்கி, அதன் உள்ளும் புறமும் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்துவது. கடைகளில் ஐ.எஸ். 710 என்ற முத்திரையுடன் கிடைக்கும் மரைன் ப்ளைவுட்டில் 4 மில்லிமீட்டர் கனம் போதும். பலகைகளை வடிவத்திற்கு அறுத்து, ஓரங்களில் சிறு துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, உட்புற இணைப்புகளில் பிசின் தோய்த்த இழை நாடாவை ஒட்டினால் உடல் உறுதிப்படும். 1963-இல் இங்கிலாந்தில் ஒரு நாளிதழின் ஆதரவில் வெளிவந்த ‘மிரர்’ என்ற பாய்ப்படகு இம்முறையை உலகெங்கும் பரப்பியது. தச்சுத் தொழில் அறியாதவர்கள் பல்லாயிரக்கணக்கில் அதை வீட்டிலேயே செய்தார்கள். நார்க் கயிறு செம்புக் கம்பியாக மாறியது. தைத்துக் கட்டும் கருத்து நம் மசூலாக்காரரின் கருத்தே.

இனி, படகை மூன்றாகப் பிரிப்பது எப்படி? தனித்தனியே மூன்று துண்டு செய்து பொருத்த முயல்வது வீண். அவை ஒருபோதும் சரியாகப் பொருந்தா. முழுப் படகாகச் செய்து, பிறகு அறுப்பதே முறை. அறுக்கப்போகும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு குறுக்குச் சுவர்களை வைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்துப் போல்ட் துளைகளை ஒரே தடவையில் இட்டு, நடுவே சில மில்லிமீட்டர் கனமுள்ள அட்டையைச் செருகி, போல்ட்டால் பூட்டி, படகினுள் நிறுத்தி, ஒவ்வொரு சுவரையும் தன் பக்கத்து உடலோடு இழை நாடாவால் ஒட்டிவிட வேண்டும். மேல்தளம் மூடி, வெளியே துணி போர்த்தி, எல்லாம் உறைந்த பிறகு, அட்டை இருக்கும் கோட்டின் வழியே சுற்றிலும் வாளால் அறுத்தால் படகு மூன்றாகும். துளைகள் முன்பே ஒன்றுக்கொன்று நேராக இருப்பதால் மறுபடி பூட்டும்போது கோணல் வராது. அறுத்த ஓரங்களைப் பிசினால் மூடி, அட்டை இருந்த இடத்தில் ரப்பர் தகட்டை வைத்துப் பூட்டலாம்.

போல்ட்டுகள் எங்கே இருக்க வேண்டும் என்பது உயிர் காக்கும் கேள்வி. ஓர் அலை படகின் நடுவே எழும்பும்போது அணியமும் அமரமும் தாழ்கின்றன. அப்போது மேல்தளம் பிளக்க முயல்கிறது. இரு முனைகளையும் இரு அலைகள் தூக்கி நடுப்பகுதி தொய்யும்போது அடிப்பாகம் பிளக்க முயல்கிறது. ஆகையால் மேல்தளத்தை ஒட்டி இரண்டு, அடிப்பாகத்தை ஒட்டி இரண்டு என ஒவ்வோர் இணைப்பிலும் நான்கு துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள் வேண்டும். அவற்றை நடுவில் நெருக்கி வைத்தால் பயனில்லை. ஒவ்வொன்றின் கீழும் அகன்ற வாஷர் இருக்க வேண்டும். முனைத் துண்டுகளில் நட்டுகளைப் பிசினில் புதைத்துப் பின்புறத்தை மூடிவிட்டால், நடுத் துண்டில் கைவிட்டே எல்லாவற்றையும் முடுக்கலாம். முனைகளுக்குள் ஒரு சொட்டு நீரும் புகாது.

இந்த இரட்டைச் சுவரில் இன்னொரு நன்மை உண்டு. முனைகள் இரண்டும் காற்றடைத்த அறைகளாகிவிடுகின்றன. நடுவில் நீர் நிறைந்தாலும் படகு மூழ்காது. கவிழ்ந்தவர் பற்றிக்கொள்ள ஒரு மிதவை மிஞ்சும். மூன்றாக அறுத்த படகு முழுப் படகைவிட வலிமையில் குறைந்தது என்று அஞ்சுவோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்றே எச்சரிக்கை: முற்றிலும் அடைத்த அறையின் காற்று வெயிலில் விரிந்து இணைப்புகளைப் பிளக்கும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு சிறு திருகு மூடி வைத்து, கரையில் இருக்கும்போது திறந்து வைக்க வேண்டும்; நீரில் இறக்குமுன் மறவாமல் மூட வேண்டும்.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஃபைபர் வேலைக்குக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது பாலியெஸ்டர் ரெசின். அதை உறையவைப்பது பெராக்சைடு வகையைச் சேர்ந்த ஒரு நீர்மம். உறைதலை விரைவுபடுத்துவது கோபால்ட் சேர்ந்த இன்னொரு நீர்மம். ஒன்றை ரெசினில் நன்கு கலந்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கும். பெராக்சைடு ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகக்கூடும். ரெசினிலிருந்து எழும் ஆவியோ எளிதில் தீப்பிடிப்பது. சமையல் அடுப்பு எரியும் வீட்டில் அதைத் திறப்பது தகாது.

இந்த அபாயத்தை டோம்பிவிலி மக்களுக்கு நூலைக் காட்டி விளக்க வேண்டியதில்லை. 2016 மே 26-ஆம் நாளும், 2024 மே 23-ஆம் நாளும் இவ்வூரின் தொழிற்பேட்டையில் வேதித் தொழிற்சாலைகள் வெடித்தன. ஒவ்வொரு தடவையும் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். அக்கம்பக்கத்துக் கட்டடங்களின் கண்ணாடிகள் நொறுங்கின. 2024-இல் வெடித்த ஆலை இத்தகைய பெராக்சைடுகளைத் தயாரித்து வந்தது. ஆலையில் இருப்பது பீப்பாய் அளவு, நம் கையில் இருப்பது புட்டி அளவு என்பது உண்மையே. எனினும் அண்டை வீட்டுக் குழந்தை உறங்கும் சுவருக்கு இப்பால் அந்தப் புட்டியை வைத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே வீட்டில் செய்பவருக்கு நான் பரிந்துரைப்பது எபாக்ஸி. விலை அதிகந்தான். ஆனால் அதற்குப் பெராக்சைடு தேவையில்லை. அந்தக் கடும் நாற்றமும் இல்லை. மரத்தோடு பாலியெஸ்டரைவிடப் பன்மடங்கு உறுதியாக ஒட்டும். பாலியெஸ்டர் பூச்சு ஈரம் பட்ட ஒட்டுப்பலகையிலிருந்து நாளடைவில் உரிந்து வருவதுண்டு. எபாக்ஸிக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. அதன் இரு பாகங்களையும் தயாரித்தவர் குறித்த விகிதப்படி தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். ஹார்டனரைக் கூட்டினால் விரைவில் உறையும் என்று எண்ணக் கூடாது. உறையாமல் பிசுபிசுத்தே நிற்கும். ஒரு பாத்திரத்தில் நிறையக் கலந்தால் தானே சூடேறிப் புகையும். சிறிது சிறிதாகக் கலந்து, அகன்ற தட்டில் ஊற்றிக்கொள்ள வேண்டும். வெறுங்கையால் தொட்டுப் பழகினால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை வந்து, பின் ஒருபோதும் அதன் அருகில் போக இயலாமற் போகும். கையுறை இன்றித் தொடலாகாது. உறைந்ததைத் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு; முகமூடி அணிந்து, தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நலம். இந்த வேலைக்குக் கூடம் ஏற்றதன்று; காற்றோட்டமுள்ள மொட்டைமாடியே ஏற்றது, அதுவும் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியோடு. மும்பை வட்டாரத்தில் மழைக்காலத்து ஈரக்காற்று எபாக்ஸியின்மேல் மெழுகு போன்ற ஒரு படலத்தை உண்டாக்கும். அதைக் கழுவாமல் அடுத்த பூச்சு பூசினால் ஒட்டாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்களே தகுந்த காலம். இறுதியில் வர்ணம் பூசுவது அழகுக்காக மட்டுமன்று. வெயில் எபாக்ஸியைச் சிதைக்கும். வர்ணம் அதைக் காக்கும்.

படகு முடிந்ததும் எங்கே இறக்குவது? டோம்பிவிலியை ஒட்டியே உல்லாஸ் ஆற்றின் கழி ஓடுகிறது. பழங்காலத்தில் கிரேக்க மாலுமிகளும் அறிந்திருந்த கல்யாண் துறைமுகம் இந்த நீர்வழியில்தான் இருந்தது. தாணேக்கு அருகே அது பிரிந்து, ஒரு கிளை வசாய் வழியாகவும், மற்றொன்று தாணேக் கழியாக மும்பைத் துறைமுகத்துப் பக்கமும் கடலோடு சேர்கிறது. ஆயினும் முதல் சோதனைக்கு இந்த நீர் ஏற்றதன்று. தொழிற்சாலைக் கழிவுகளைச் சுமந்து வரும் வால்துனி ஆறு இதில் கலக்கிறது. மேலும் மும்பைக் கரையில் பெருவெள்ள நாட்களில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. ஏற்றத்தில் விரிந்து கிடக்கும் நீர், வற்றத்தில் இடுப்பளவு சேறாகிவிடும். அந்தச் சேற்றில் சிக்கியவர் அடுத்த ஏற்றம் வரும்வரை நடக்கவும் முடியாமல், மிதக்கவும் முடியாமல் கிடக்க வேண்டியதுதான். ஓட்டமில்லாத, நீந்த அனுமதியுள்ள ஒரு குளத்தில், இடுப்பளவு நீரில், துணைக்கு ஒருவர் நிற்க, உயிர்காப்பு அங்கி அணிந்து முதலில் பழக வேண்டும். வேண்டுமென்றே கவிழ்த்து, வெளியே வந்து, படகைப் பற்றிக்கொண்டு கரைசேரத் தெரிந்த பிறகே அடுத்த நீரை எண்ணலாம்.

அதன்பின் நாடே திறந்து கிடக்கிறது. ரயில்வே விதிப்படி, பயணிகள் பெட்டியில் கொண்டு செல்லும் பெட்டி 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்கு மேற்படக் கூடாது. நம் துண்டுகள் அதைவிடப் பெரியவை. ஆகவே சாக்கில் பொதிந்து பிரேக் வானில் பதிவு செய்ய வேண்டும். 1998-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் ரயில்பாதை வாசிஷ்டி, மாண்டவி, ஜுவாரி, சராவதி என்று ஆறு ஆறாகக் கடந்து செல்கிறது. அதற்கும் அப்பால் கேரளத்துக் காயல்கள். மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர்க்கு ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போகும் வழக்கம் உண்டு. அந்தப் பயணத்தில் தாமிரபரணியின் அமைதியான ஒரு துறையையோ, வனத்துறையின் விதிகளுக்கு உட்பட்டுப் பிச்சாவரத்துச் சதுப்புக்காட்டையோ தம் கையால் செய்த படகில் காணலாம். ஆறு மாதம் உழைத்த பிறகு கிடைக்கும் அந்தக் காலைப்பொழுதின் மதிப்பு விலை கொடுத்து வாங்கிய படகில் கிடைப்பதன்று.

நேயர்களே, படகு செய்வது எல்லோருக்கும் உரிய வேலை என்று நான் சொல்லவில்லை. பொறுமையும், அளவு பிசகாத கையும், அண்டை அயலாரை நினைக்கும் மனமும் உள்ளவர்க்கே அது உரியது. ஓர் இணைப்பில் ஐயம் இருந்தால், அதை நீரில் அல்ல, கரையிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை இறக்குமுன்னும் எட்டுப் போல்ட்டுகளையும் ஒன்றுவிடாமல் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கட்டுமரத்தை அவிழ்த்து உலர்த்திய மீனவர் மறுநாள் விடியலில் தம் கையாலேயே கட்டி, கட்டின் உறுதியைத் தாமே சோதித்த பின்னரே கடலில் இறங்கினார். பிரிக்கக்கூடிய படகில் ஏறுபவர் அவரிடமிருந்து கற்க வேண்டிய பாடம் அதுவே.